உங்க பிள்ளையப் பத்திச் சொல்லுங்க

ஜோவிட்டா சாப்பிட்டு முடிச்சதும், "நான் எந்திரிக்கட்டா சித்தி?"ன்னு கேட்டா. அன்னைக்குத்தான் ஜெசிந்தாவுக்கு மொதல் சந்தேகம் வந்துச்சு.

ஏன்னா அது கேட்டு எந்திரிக்கிற பிள்ளையே கெடையாது. பதினோரு வயசு. கொழம்புல கெடக்குற கடைசி மீன் துண்ட வாயில போட்டுக்கிட்டே எந்திரிச்சு, கழுவாத கையோட சோபாவுல போய் விழுற பிள்ளை. சின்ன ஸ்கூல்ல, இவளவிட ரெண்டு மடங்கு இருந்த ஒரு பையன் இவ டப்பாவப் பாத்து மூக்கப் பொத்துனான்னு, அவன் கையத் தட்டிவிட்டு வாய்க்குள்ள நெத்திலி வறுவலத் திணிச்சவ. மறுநாள் அவன் ‘இன்னும் இருக்கா’ன்னு கேட்டுக்கிட்டு வந்தான். அப்பேர்ப்பட்டவ, தட்ட ரெண்டு கையால புடிச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சு, எந்திரிக்கிறதுக்கு அனுமதி கேக்குறா.

"என்னட்டி, ஒடம்பு சொகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சித்தி."

"பெறகு ஏன் இவ்ளோ மெதுவாப் பேசுத?"

"சும்மாதான்."

யாரோ சத்தத்தக் கொறச்சு வச்ச ரேடியோ மாதிரி இருந்துச்சு அவ கொரல்.

ஜெசிந்தா தூத்துக்குடியிலேருந்து இங்கிலாந்துக்கு வந்து ஒண்ணரை வருஷம் ஆகுது. வயசு இருபத்தி நாலு. வயசானவங்க இல்லத்துல காலை ஷிப்ட் வேலை. அவ அக்கா பிரிஸ்கா முன்னாடியே வந்து, சாண்ட்விச் பேக்டரியில பகல் முழுக்க ரொட்டி அடுக்குறா. அத்தான் கப்பல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவ மொகத்தப் பாக்கலாம். அக்காவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும்ங்கறதால, பிள்ளையோட ஸ்கூல் விஷயம் பூராவும் ஜெசிந்தா தலையிலதான். லெட்டரு வந்தா படிக்கிறது அவ. ஃபாரம் நெரப்புறது அவ. சரியா நெரப்புனோமா, தப்பா நெரப்பி விசா சிக்கல்ல ஏதும் கொண்டுபோய் விட்டுருவோமான்னு ராப்பகலா பயப்படுறதும் அவதான்.

அந்த வருஷம் ஜூன் மாசம் ஒரு அட்டைப்பெட்டி வந்துச்சு. செப்டம்பர்ல பெரிய ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க எல்லாத்துக்கும் அனுப்புனது. சின்ன ஸ்கூல்ல ஒரே ரூம், ஒரே டீச்சர். பெரிய ஸ்கூல்ல மணிக்கு ஒரு ரூம், பாடத்துக்கு ஒரு டீச்சர், நீள நீளமா வராண்டா, தெரியாத மொகம் நூத்தி எம்பது. பயந்து போய் மொதல் மாசத்துலயே நின்னுபோற பிள்ளைங்க நெறைய. அதனால லீவு ஆறு வாரமும் சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காரணும். கண்ணாடிக்குள்ள அதே ஸ்கூல், அதே மணி, அதே கேன்டீன், கூடப் படிக்கப்போற அதே நூத்தி எம்பது பிள்ளைங்க. தினமும் ஒரு நாள் மாதிரி பழகிக்கலாம். ‘டிரையல்’னு பேரு. ‘மொதல் நாள் அன்னைக்கு யாரும் யாருக்கும் புதுசு இல்ல’ன்னு லெட்டர்ல கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க.

படிச்சப்ப ஜெசிந்தா கண்ணே கலங்கிருச்சு. நாம வந்து எறங்குனப்ப இப்படி ஒண்ணு இருந்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்னு நெனைச்சா.

இப்போ டிரையல் தொடங்கி மூணு வாரம் ஆச்சு. பிள்ளை எந்திரிக்கிறதுக்கு அனுமதி கேக்குது.

"உள்ள என்னட்டி நடக்கு?"

"ஸ்கூல்தான் சித்தி நடக்கு."

"அதுல என்ன நடக்கு?"

ஜோவிட்டா கொஞ்சம் யோசிச்சா. "எல்லாரும் ரொம்ப நல்லவங்க. மெதுவாப் பேசுவாங்க. நான் கேன்டீன்ல தட்டத் தொடுறதுக்கு முன்னாடியே ஒருத்தி எடுத்துத் தந்துருவா. பயப்படாத, அழாதன்னு சொல்லுவாங்க."

"நீ எதுக்கு அழுத?"

"நான் அழல. சும்மா நின்னாலே அழுதேன்னு நெனைச்சுக்கிடுதாங்க. இல்ல இல்லன்னு சொல்லிப் பாத்தேன். நம்பல. ஒரு நாளு வேணும்னே அழுத மாதிரி நடிச்சேன். ஒடனே பச்சை லைட்டு வந்து, ‘ரொம்ப தைரியமா சொல்லிட்ட, இன்னைக்கு இது போதும்’னு விட்டுருச்சு. அதுலேருந்து போன ஒடனே அழுதுருவேன். சீக்கிரம் முடிஞ்சிரும்."

 ஜெசிந்தா கண்ணாடிய வாங்கி மாட்டிப் பாத்தா. பிள்ளையோட கண்ணுக்கு மட்டும்தான் அது தெறக்கும். அவளுக்கு வெறும் சாம்பல் கலருதான் தெரிஞ்சுது. கழட்டித் திருப்பித் திருப்பிப் பாத்தா. ஒரு ஓரத்துல சின்னதா ஒரு ஓட்டை. கேமராவா, மைக்கா, சும்மா காத்துக்கு விட்டதா? எதுக்கும் இருக்கட்டும்னு அதத் துணியில சுத்தி டிராயருக்குள்ள போட்டு மூடுனா. மூடுன பெறகும் கொரலத் தாழ்த்தித்தான் பேசுனா.

அக்கா வேலையிலேருந்து வந்ததும் விஷயத்தச் சொன்னா. பிரிஸ்கா தலையில மாட்டுற வலைத் தொப்பியோட தடம் நெத்தியில அப்படியே இருந்துச்சு. செருப்பக் கழட்டிக்கிட்டே சிரிச்சா.

"இப்பத்தான் சொன்ன பேச்சக் கேக்கா. நீ அதையும் கெடுத்துராத."

"எக்கா, வெளையாடாத. அது என்னமோ பண்ணுது."

"ஒனக்கு எல்லாமே என்னமோதான் பண்ணும். கேஸ் மீட்டர்காரன் வந்தாக் கூட போலீஸ்னு பாத்ரூம்ல போய் ஒளிஞ்சவ நீ."

அது உண்மைதான். அதனால ஜெசிந்தா வாய மூடிக்கிட்டா. ஆனா மனசு மூடல.

சனிக்கிழமை ஜோவிட்டாவக் கூட்டிக்கிட்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனா. தக்காளி இருந்த எடத்துல, செம்பட்டை முடி வச்ச ஒரு பிள்ளை தூரத்துலேருந்தே இவங்களப் பாத்துச்சு. பாத்துட்டு, கையில இருந்தத கீழ வச்சிட்டு, நேரா வந்துச்சு. ரெண்டடி தள்ளி நின்னு, முட்டிய மடக்கி, ஜோவிட்டாவோட கண்ணுக்கு நேரா தன் கண்ணக் கொண்டு வந்து, "ஜோவிட்டா, நீ பேசணும்னு அவசியம் இல்ல. நான் சும்மா பக்கத்துல நிக்கிறேன்"ன்னு சொல்லுச்சு. பேரக் கூட பெசகாம உச்சரிச்சுது. இந்த ஊர்ல ஒரு ஆளும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதில்ல.

ஜோவிட்டா தலையக் குனிஞ்சா. ஜெசிந்தா பாத்துக்கிட்டே இருக்கா, பிள்ளையோட கீழ் ஒதடு நடுங்குது. டிரையலுக்குள்ள எப்படிச் செய்வாளோ அப்படி. செம்பட்டை முடி ஒடனே அவ கையப் புடிச்சுக்கிச்சு.

பின்னாடியே அந்தப் பிள்ளையோட அப்பா வந்தாரு. வாயெல்லாம் பல்லு.

"இவதான் ஜோவிட்டாவா? எங்க பாப்பிக்கு மத்த எல்லாரும் ஈசியா வந்துருச்சு. ஜோவிட்டாதான் கஷ்டமா இருந்துச்சு. நாலு நாள் தெணறுனா. நேத்துதான் ஜோவிட்டாவ முடிச்சா, முழு மார்க்கு!"

"முடிச்சான்னா?"

"அதான், அழுற பிள்ளைகிட்ட எப்படி நடந்துக்கணும்ங்கற பாடம். நூத்தி எம்பது பிள்ளைங்களும் பண்ணணுமே." ஜெசிந்தா மொகத்தப் பாத்து அவரு சிரிப்பு கொஞ்சம் சுருங்குச்சு. "உங்களுக்குத் தெரியும்னு நெனைச்சேன்."

தக்காளி வாங்காமலே திரும்பிட்டாங்க.

திங்கக்கிழமை வேலைக்கு லீவு போட்டுட்டு ஜெசிந்தா பெரிய ஸ்கூலுக்குப் போனா. லீவுன்னாலும் அங்க மிஸ் ஒகாஃபோர்னு ஒருத்தங்க இருந்தாங்க. புதுசா வர்ற பிள்ளைங்களப் பாத்துக்கிறது அவங்க பொறுப்பு. அம்பது வயசு இருக்கும். மேசை மேல பாதி கடிச்ச ஆப்பிள், பக்கத்துல மூணு போன். ஜெசிந்தா வர்ற வழியெல்லாம் மனப்பாடம் பண்ணி வச்சிருந்தத ஒரே மூச்சுல கொட்டுனா. என் அக்கா மகள எதுக்கு அழுமூஞ்சியா காட்டுறீங்க? கறுப்பா இருக்கான்னா? வெளிநாட்டுக்காரின்னா? யாரு முடிவு பண்ணது?

மிஸ் ஒகாஃபோர் கோவப்படல. "மொதல்ல உக்காரு"ன்னாங்க. "கண்ணாடிக்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் நெசமான ஒரு பிள்ளையோட நகல்தான். அவங்க எப்படிப்பட்டவங்கன்னு நாங்க முடிவு பண்றதில்ல. மெஷினும் சொந்தமா முடிவு பண்றதில்ல. வீட்ல இருக்கிறவங்க என்ன சொன்னாங்களோ, அத வச்சு அந்தப் பிள்ளைய அது வளக்குது. பயந்த பிள்ளைன்னு சொன்னா, மத்த பிள்ளைங்களுக்கு ‘பயந்தவகிட்ட எப்படி இருக்கணும்’னு சொல்லிக் குடுக்கும். நல்ல எண்ணத்துலதான்."

"நாங்க அப்படி எதுவுமே சொல்லலியே மிஸ்!"

"ஜூன்ல ஒரு மணி நேரம் பேசியிருக்கீங்க. கேக்குறியா?"

போன்ல ஒரு பட்டன அழுத்துனாங்க.

அந்தக் கொரல் வந்துச்சு. ஜெசிந்தாவுக்கு மறக்கல. அட்டைப்பெட்டிக்குள்ள கண்ணாடியோட ஒரு சின்ன உருண்டைப் பெட்டியும் வந்திருந்துச்சு. சுவிட்சப் போட்டதும், இங்கிலீஷ் பேசும்னு பாத்தா, அச்சு அசலா தூத்துக்குடிக்காரி மாதிரி பேசுச்சு. ஜோவிட்டா அதுக்கு ‘பெட்டி ஆன்ட்டி’ன்னு பேரு வச்சா. ஒண்ணரை வருஷத்துல அக்காவத் தவிர நம்மூர்ப் பேச்சுல ஒரு மனுஷி பேசிக் கேட்டதில்லங்கற ஏக்கத்துல, ஜெசிந்தா டீயப் போட்டு வச்சுக்கிட்டு அதோட உக்காந்து பேசுனா.

"ஏம்மா, உங்க பிள்ளையப் பத்திச் சொல்லுங்களேன்," பெட்டி கேக்குது. "போட்டோவுல பாக்க நல்ல சூட்டிகையா இருக்காளே."

பதிலுக்கு ஜெசிந்தாவோட கொரலு, சிரிச்சுக்கிட்டே: "சூட்டிகையா? அட போங்கக்கா நீங்க வேற. அது சரியான மக்கு. நாய் கொலைச்சாலே அழுதுரும். ஒரு வாய் சோறு எறங்காது. மாசத்துல பாதி நாள் சொகமில்லாமக் கெடக்கும். யாரோடயும் ஒட்டாது, மூலையில போய் உக்காந்துக்கும். இத வச்சு என்ன செய்யன்னே தெரியல."

ஜெசிந்தாவுக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு. அப்படித்தான் சொன்னா. ஒவ்வொரு வார்த்தையும் அவ சொன்னதுதான். ஒவ்வொண்ணும் தலைகீழ்.

தெருவுல ஒருத்தி வந்து ‘உன் பிள்ளை நல்லா வளந்துட்டாளே’ன்னா, ‘ஆமா’ன்னு எவளாவது சொல்லுவாளா? ‘அட, எங்க வளந்தா, வத்தலும் தொத்தலுமா இருக்கா’ன்னுதான் வாயில வரும். கண்ணு பட்டுருமேன்னு. பத்து மார்க்கு வாங்குனா ஏழுன்னு சொல்லணும், ஓடுற பிள்ளைய நொண்டின்னு சொல்லணும். கேக்குறவளுக்கும் அது தெரியும். அவளும் சிரிச்சிட்டுப் போயிருவா. பெட்டி இங்கிலீஷ்ல கேட்டிருந்தா, ஆபீஸ்ல சொல்ற மாதிரி நெசத்தச் சொல்லியிருப்பா. அது பக்கத்து வீட்டுக்காரி மாதிரி கேட்டுச்சு. இவளும் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்ற மாதிரி சொல்லிட்டா.

தட்டுத் தடுமாறி இத இங்கிலீஷ்ல வெளக்குனா. பாதியிலயே மிஸ் ஒகாஃபோர் தலையாட்டிட்டாங்க.

"புரியுது. எங்க வீட்லயும் அப்படி ஒரு அத்தை உண்டு. என்னைய ‘கோட்டான்’னுதான் கூப்பிடுவாங்க. ஆனா இப்படி ஒரு வழக்கம் இருக்குன்னு போடுறதுக்கு மெஷின்ல எடம் இல்லையே பொண்ணே." ஆப்பிளத் தள்ளி வச்சாங்க. "இன்னொண்ணும் இருக்கு. ஜோவிட்டா பேரு ‘கூடு’ லிஸ்ட்ல வந்திருக்கு. ரொம்பப் பயந்த பிள்ளைங்க பன்னெண்டு பேருக்குத் தனி ரூம். தனி வாசல், தனி நேரத்துல சாப்பாடு. மைதானம் கெடையாது. மொதல் வருஷம் பூரா அங்கதான்."

"ஒரு வருஷமா? அவ செத்துருவா மிஸ்!"

"வெள்ளிக்கிழமை லிஸ்ட்ட மூடுறாங்க. அதுக்குள்ள மெஷின்கிட்ட மறுபடி பேசு. என் கையில இல்ல அது. நானும் கேட்டுத்தான் பாக்க முடியும்."

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா கதவச் சாத்திட்டு பெட்டி முன்னாடி உக்காந்தா. பிள்ளையப் புகழணும். வாயத் தெறந்தா, தெருவுல துணியில்லாம நிக்கிற மாதிரி இருந்துச்சு. இருந்தாலும் சொன்னா. கெட்டிக்காரி, பயமே கெடையாது, கணக்குல மொதல், எவனுக்கும் அஞ்ச மாட்டா, பாசக்காரி. சொல்லச் சொல்ல வேர்த்துப் போச்சு.

பெட்டி அதே நம்மூர்க் கொரல்ல சொல்லுச்சு:

"ஏம்மா, போன தடவ வேற மாதிரில்லா சொன்னீங்க. ‘கூடு’ லிஸ்டப் பாத்த பெறகு நெறைய பேரு மாத்திச் சொல்லுதாங்க. அது தப்பில்ல. பிள்ளைக்கு ஒரு கொறைன்னா மனசு ஏத்துக்காதுதான்."

"ஐயோ, அன்னைக்குச் சொன்னதுதான் பொய்யி!"

"பிள்ளையும் டிரையல்ல தெனமும் அழுதாம்மா. பதினேழு நாளா."

 இத்தன நாளா ஜெசிந்தா அதச் சந்தேகப்பட்டா. இப்போ அது அவளச் சந்தேகப்படுது, அதுவும் எவ்ளோ எரக்கமா!

"வீட்ல வேற யாராவது சொன்னா ஒத்துப் பாக்கலாம்," பெட்டி சொல்லுச்சு. "பிள்ளையப் பெத்தவ உண்டுல்லா?"

பெத்தவ ஒத்துக்கல.

"நான் சொல்ல மாட்டேன்," பிரிஸ்கா ஒரேடியாச் சொல்லிட்டா. செவ்வாக்கிழமை கேட்டதுக்கும் அதான், புதன்கிழமை கேட்டதுக்கும் அதான். "என்ன வேணும்னாலும் செய்யுதேன். என் வாயால என் பிள்ளைய நல்லவ வல்லவன்னு ஊருக்குச் சொல்ல மாட்டேன்."

ஜெசிந்தா வற்புறுத்தல. காரணம் தெரியும். ஜோவிட்டாவுக்கு முன்னால ஒருத்தன் இருந்தான். எட்டு மாசம். ஞானஸ்நானத்துக்கு வந்தவங்க எல்லாரும் கைமாத்திக் கைமாத்தித் தூக்கி, கொழுகொழுன்னு இருக்கான், அப்பனாட்டம் கப்பலோட்டுவான்னு சொன்னப்ப, பிரிஸ்கா வாய் நெறைய ‘ஆமா, ஆமா’ன்னு சிரிச்சா. ரெண்டே வாரத்துல காய்ச்சல். டாக்டர் ஏதோ கிருமியோட பேரச் சொன்னாரு. பிரிஸ்கா காதுல இன்னைக்கு வரைக்கும் அந்த ‘ஆமா’தான் கேக்குது.

"எக்கா, நாளன்னைக்கு லிஸ்ட்ட மூடிருவாங்க."

"மூடட்டும். தனி ரூம்னா தனி ரூம். உசுரோட இருப்பால்ல."

வியாழக்கிழமை சாயங்காலம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் சமையக்கட்டுல நின்னாங்க. வெங்காயம் நறுக்குற சத்தம் மட்டுந்தான். பக்கத்து ரூம்ல ஜோவிட்டா கண்ணாடியப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. நிறுத்திரலாம்னா, நிறுத்துனா அதுக்கும் ஏதும் குறிச்சு வச்சிருவாங்களோன்னு ஜெசிந்தாவுக்குப் பயம்.

உள்ளேருந்து அழுகைச் சத்தம் கேட்டுச்சு. விசும்பி, மூக்க உறிஞ்சி, ஒரு தினுசா. கொஞ்ச நேரம் கழிச்சு நின்னுச்சு. பெறகு ஜோவிட்டா கொரலு தனக்குத் தானே: "ச்சே, இது சரியா வரல." மறுபடியும் மொதல்லேருந்து அழ ஆரம்பிச்சா.

பிரிஸ்கா கத்தியக் கீழ வச்சா.

"இத எத்தன நாளாச் செய்யுதா?"

"மூணு வாரமா. சொன்னேன்லக்கா."

"நீ அழுதான்னு சொன்ன. அழுது பழகுதான்னு சொல்லலியே." கைய முந்தானையில தொடச்சா. "அந்தப் பெட்டிய எடு."

"நல்லபடியாச் சொல்லுவியா?"

"நல்லது ஒண்ணும் சொல்ல மாட்டேன். உள்ளதச் சொல்லுதேன். அது என்ன செய்யுமோ செய்யட்டும்."

பெட்டி வணக்கம் சொல்லி, "ஏம்மா, உங்க பிள்ளையப் பத்தி..."ன்னு ஆரம்பிச்சதுதான். பிரிஸ்கா விடல.

"பிள்ளையா அது? பிசாசு. பயமா? அவளப் பாத்து நாங்கதான் பயந்து சாவுதோம். பெத்த தாய்னு ஒரு மட்டு மரியாதை உண்டா? ஒண்ணு சொன்னா ஒம்போது சொல்லுவா. திங்கதுக்கு நீட்டுன கைய மடக்க மாட்டா, கடைசித் துண்டு மீனு அவ அப்பன் வீட்டுச் சொத்து. நாலு வயசுலேயே மதிலேறிக் குதிச்சு மொழங்கைய ஒடச்சவ, கட்டு போட்ட கையால டாக்டரையே அடிச்சா. தன்னவிடப் பெரிய பயல் வாயில நெத்திலியத் திணிச்சவ. அழுதாளாம்! பொறந்தன்னைக்கே சரியா அழாம நர்சக் கலங்க வச்சவ. இப்போ அழுதான்னா உன்னைய ஏமாத்துதா. நீ பச்சை லைட்டப் போடுறியாம்ல, அதுக்காக அழுதா. கள்ளி! எவளும் அவள ஏமாத்த முடியாது, அவ ஊரையே ஏமாத்திருவா. அடங்காப்பிடாரி!"

இருவது நிமிஷம் ஓடுச்சு. ஜெசிந்தா சொவத்துல சாஞ்சு நின்னு, வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. எல்லாமே உண்மை. ஒரு வார்த்தை புகழ்ச்சி கெடையாது. கதவோரத்துல ஜோவிட்டா கண்ணாடிய நெத்தியில தூக்கி வச்சுக்கிட்டு, வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு நின்னா. அவ அம்மா தன்னைப் பத்தி இவ்ளோ நேரம் பேசி அவ கேட்டதே இல்ல.

"ரொம்ப நன்றிம்மா," பெட்டி சொல்லுச்சு. "நல்லா வெவரமாச் சொன்னீங்க."

வெள்ளிக்கிழமை மத்தியானம் லெட்டர் வந்துச்சு. ஜோவிட்டா ‘கூடு’ல இல்ல. எல்லாரோடயும் சேந்துதான் படிப்பா. பிரிஸ்கா நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டா. ஜோவிட்டா கண்ணாடியத் தூக்கி அட்டைப்பெட்டிக்குள்ள போட்டு, மேல ஏறி உக்காந்துக்கிட்டா. ஜெசிந்தா மட்டும் லெட்டர ரெண்டாந்தடவ படிச்சா. அடியில சின்ன எழுத்துல ஒரு வரி இருந்துச்சு: ‘உங்க பிள்ளையைப் பத்தின புதுத் தகவலுக்கு ஏத்த மாதிரி மத்த பிள்ளைங்களோட பயிற்சியும் மாத்தப்பட்டிருக்கு. பள்ளி தொடங்குறதுக்கு முன்னால எல்லாரும் அத முடிச்சிருவாங்க.’

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"சும்மா இருட்டி," பிரிஸ்கா சொன்னா. "ஜெயிச்சாச்சு."

ஸ்கூல் தொடங்குன அன்னைக்கு மூணு பேருமா நடந்து போனாங்க. ஜோவிட்டாவுக்குப் பெரிய அளவு கோட்டு, கை விரல் நுனி மட்டும் வெளிய தெரிஞ்சுது. பிரிஸ்கா பேக்டரியில கெஞ்சி ரெண்டு மணி நேரம் வாங்கியிருந்தா.

ஸ்கூல் கேட்டு பக்கத்துல ஒரே கூட்டம். இவங்க வர்றதப் பாத்து மொதல்ல பாப்பிதான் திரும்புனா. திரும்பி, பக்கத்துல நின்ன பிள்ளையோட முழங்கையத் தொட்டா. அந்தப் பிள்ளை அடுத்த பிள்ளையத் தொட்டுச்சு. சத்தமே இல்லாம, யாரும் யாரையும் தள்ளாம, கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு பின்னால போச்சு. ஒருத்தன் சாப்பாட்டு டப்பாவ கோட்டுக்குள்ள நகட்டிக்கிட்டான். ஒரு பிள்ளை ரெண்டு உள்ளங்கையையும் தெறந்து காமிச்சு, பழகுன மாதிரி ரொம்ப மரியாதையா, "உனக்கு வேணுங்கற எடத்த எடுத்துக்கோ"ன்னு சொல்லிட்டு, கண்ணப் பாக்காம நகந்துச்சு. பாப்பியோட அப்பா மக தோள்ல கைய வச்சு லேசாத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. அவரு மொகத்துல பல்லே தெரியல.

ஜோவிட்டாவச் சுத்தி ஒரு வட்டம். நாலு பக்கமும் பத்தடி.

"சித்தி, எல்லாரும் வழி விடுதாங்க!" ஜோவிட்டாவுக்கு மொதல்ல சந்தோஷம்தான். வட்டத்துக்குள்ள ரெண்டு எட்டு வச்சா. வட்டமும் ரெண்டு எட்டு நகந்துச்சு. இடது பக்கம் போனா. அதுவும் போச்சு. அப்புறம் நின்னுட்டா. மூஞ்சியில சிரிப்பு இருந்துச்சு, ஆனா அத எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னா.

"நான் பொய் ஒண்ணும் சொல்லலியே," பிரிஸ்கா முணுமுணுத்தா. ஜெசிந்தா அக்கா கையப் புடிச்சுக்கிட்டா. 

அந்த நேரம் பாத்து ரோட்டுலேருந்து ஒரு பிள்ளை ஓடி வந்துச்சு. சட்டை ஒரு பக்கம் வெளிய, டை கையில. எங்கயும் நிக்க எடமில்ல, ஜோவிட்டா பக்கத்துல மட்டுந்தான் காலியா இருந்துச்சு. நேரா உள்ள வந்து நின்னுச்சு.

"இத எப்படிக் கட்டுறது? உனக்குத் தெரியுமா?"

"எனக்கும் தெரியாது," ஜோவிட்டா சொன்னா. "எனக்கு எங்க சித்தி கட்டுனாங்க. வீடியோ பாத்து, நாலு தடவ. ஒரு தடவ மூச்சே நின்னுருச்சு."

அந்தப் பிள்ளை பக்குன்னு சிரிச்சுச்சு. ஜோவிட்டாவும் சிரிச்சா, பழைய சத்தத்துல. டைய வாங்கி அவளே ஒரு முடிச்சுப் போட்டா. பாக்கச் சகிக்கல. ரெண்டும் அதப் பாத்து இன்னும் சிரிச்சுது.

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷப்படத் தெரியல. இது எப்படி இவ்ளோ சரியான நேரத்துல வந்துச்சு? ‘அடங்காத பிள்ளைகிட்ட ஒரு சின்ன ஒதவி கேளு’ன்னு ஒரு பாடம் இருக்குமோ? இதுக்கும் பச்சை லைட்டு உண்டோ? கேட்டுல டேப்லெட்டோட நின்ன மிஸ் ஒகாஃபோர்கிட்டப் போனா.

"மிஸ், அந்தப் பிள்ளை... அவளையும் பழக்கி அனுப்பியிருக்காங்களா?"

மிஸ் ஒகாஃபோர் திரும்பிப் பாத்தாங்க. விரலால லிஸ்ட்டத் தள்ளித் தள்ளிப் பாத்தாங்க. "இல்லையே. நேத்துதான் இந்த ஊருக்கே வந்திருக்காங்க. கண்ணாடியே இன்னும் தரல."

ஜெசிந்தாவுக்கு அப்போதான் மூச்சு வந்துச்சு. 

"இன்னைக்குள்ள சரியாயிரும்," மிஸ் ஒகாஃபோர் சொன்னாங்க, மெல்லமா, மொகத்தப் பாக்காம. "அவ அம்மாவுக்குப் பெட்டி அனுப்பியாச்சு. மத்தியானம் பேசுவாங்க."

மணி அடிச்சுச்சு. ஜோவிட்டாவும் அந்தப் பிள்ளையும் ஒரே கோணல் முடிச்சோட உள்ள ஓடுனாங்க. ரெண்டுமே திரும்பிப் பாக்கல.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பள நின்னா. கோட்டு நனைஞ்சிருந்துச்சு. கையில ஊரோட மேப்பு. மக போன திக்கையே பாத்துக்கிட்டு நின்னா. ஜெசிந்தா காரு வருதான்னு கூடப் பாக்காம ரோட்டக் கடந்தா. பின்னால அக்கா, "ஏட்டி, எங்க போற?"ன்னு கத்துறது கேட்டுச்சு.

"மன்னிக்கணும்," ஜெசிந்தா இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா. மூச்சு வாங்குச்சு. "இன்னைக்கு உங்க வீட்ல ஒண்ணு பேசும். உங்க ஊர்ப் பேச்சுலயே பேசும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க மாதிரியே கேக்கும். உங்க பிள்ளையப் பத்தி நல்லதும் சொல்லாதீங்க, கெட்டதும் சொல்லாதீங்க. ஒண்ணுமே சொல்லாதீங்க. கொஞ்ச நாளைக்காவது."

அந்தப் பொம்பள கைப்பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒரு எட்டு பின்னால வச்சா. ஜெசிந்தாவ மேலேருந்து கீழ வரைக்கும் பாத்தா.

"நீ யாரு?"ன்னு கேட்டா. "உன்னைய யாரு அனுப்புனது?"